நூலகர் மாநாடும் நன்றிக் கடனும்



எந்த ஊரில் நூலகர் மாநாடு நடைபெற்றாலும் அதன் நிறைவு நாள் நிகழ்ச்சி நிரலில் இரண்டு நிகழ்ச்சிகள் தவறாமல் இடம்பெறும். ஒன்று விருது வழங்கல். மற்றொன்று நன்றி நவிலல். விருதுக்கு மேடை உண்டு, பொன்னாடை உண்டு, நிழற்படக் கலைஞரும் உண்டு. நன்றி நவிலும் வேளை வரும்போது அவையில் பாதிப்பேர் எழுந்துவிடுகின்றனர். வெளியூர்க்காரர்கள் இரயிலுக்கு நேரமாயிற்றென்று பெட்டியைத் தூக்குகின்றனர். நன்றி கூற வந்தவர் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கும் பெயர்களை விரைந்து படிக்கின்றார். பெயர் விடுபட்ட அனைவருக்கும் நன்றி என்று கூறி முடித்து விடுகின்றார். உண்மையாக உழைத்தவர்களுள் பெரும்பாலோர் அந்த விடுபட்டோர் கூட்டத்தில்தான் இருக்கின்றனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் வெறுஞ் சடங்குகளாகத் தோன்றலாம். ஆயினும் இந்நாட்டு நூலக இயக்கத்தின் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். இங்கே பொதுநூலகங்கள் பல, ஊதியம் பெறாத தொண்டர்களால் தொடங்கப்பட்டவை. அவர்கள் கூடிய மாநாடுகளிலேதான் அவ்வியக்கம் உருப்பெற்றது. அவர்கள் தொடங்கியதைப் பின்வந்தோர் நிலையான அமைப்பாக மாற்றியபோது அது நிலைத்தது. மாற்றாதபோது தொண்டரோடு மறைந்தது. ஆகவே தொண்டர்க்குச் செலுத்தும் நன்றி, அவர் கைவிட்டுச் சென்ற இடத்திலிருந்து பணியை எடுத்து நடத்துவதிலேயே நிறைவுபெறும் என்பதும், விருதாளர்க்கும் அப்பணியில் ஒரு பங்கு உண்டு என்பதும் இவ்வுரையின் கருத்துகளாகும்.

மாநாட்டுத் தொண்டர்

முதலில் ஒரு மாநாட்டுத் தொண்டரின் பணி எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். மாநாட்டுக்குச் சில திங்களுக்கு முன்பே அவர் வேலை தொடங்கிவிடுகின்றது. அழைப்பிதழ்களுக்கு முகவரி எழுதுதல், வருவோர் பட்டியலைத் திருத்தித் திருத்தி எழுதுதல், விடுமுறைக் காலத்தில் ஒரு கல்லூரி விடுதியின் அறைகளைக் கேட்டுப் பெறுதல், கட்டுரைகளைப் படியெடுத்து அடுக்கித் தைத்தல் ஆகிய யாவும் அவர் பொறுப்பு. மாநாட்டு நாளன்று விடியற்காலையில் அவர் புகைவண்டி நிலையத்தில் நிற்கின்றார். பதிவு மேசையில் பெயர் விடுபட்டவரின் கோபத்தை அவரே ஏற்கின்றார். சாப்பாட்டுச் சீட்டு தொலைந்தவருக்குத் தம் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் எஞ்சியதை உண்கின்றார். கட்டுரைகள் படிக்கப்படும்போது அவர் அரங்கினுள் இருப்பதே அரிது.

நூலகர் மாநாட்டில் இன்னொரு சிறப்புப் பணியும் உண்டு. மாநாட்டை ஒட்டி நூற்கண்காட்சி வைப்பது வழக்கம். அதற்குப் பல நூலகங்களிலிருந்தும் தனியார் சேமிப்புகளிலிருந்தும் அரிய நூல்கள் இரவலாக வரும். ஒவ்வொன்றையும் பட்டியலில் ஏற்றி, அட்டை கிழியாமல், ஏடு ஒடியாமல் காத்து, விழா முடிந்தபின் எண்ணிச் சரிபார்த்து உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். பந்தற்காரர் கம்பங்களைப் பிடுங்கிக் கொண்டிருக்கும் நேரத்தில், ஒரு மூலையில் இரண்டு மூன்று இளைஞர்கள் பெட்டிகளுக்கு நடுவே அமர்ந்து பட்டியலைச் சரிபார்த்துக் கொண்டிருப்பர். பெரும்பாலும் நூலக அறிவியல் பயிலும் மாணவர்களே இப்பணியில் இருப்பர். வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது. பிறர் நேரத்தைக் காப்பதற்காகத் தம் நேரத்தைச் செலவிடும் இவ்விளைஞர்கள் அவ்விதியைப் பாடநூலில் படிப்பதற்கு முன்பே கைக்கொண்டவர்கள்.

திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். முன்பு தாம் ஓர் உதவியும் பெறாதிருந்தும் பிறர்க்குச் செய்யும் உதவி, வேண்டிய காலத்தில் செய்யும் உதவி, கைம்மாறு கருதாது செய்யும் உதவி என மூவகை உதவிகளை அவ்வதிகாரத்தின் தொடக்கத்திலேயே அவர் பிரித்துக் காட்டுகின்றார். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தது மாநாட்டுத் தொண்டரின் உதவி. அத்தகைய உதவிக்கு ஒரு கைத்தட்டல் ஈடாகுமா என்பதே கேள்வி.

மாநாடுகள் தந்த இயக்கம்

தென்னிந்திய நூலக இயக்கத்தின் தொடக்கத்தைத் தேடிச் சென்றால் ஆந்திர நாட்டில் நடந்த ஒரு மாநாட்டைக் காணலாம். 1914ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், ஆந்திர நாட்டு நூலக மாநாடு கூடியது. சிலகமர்த்தி இலட்சுமி நரசிம்மம் என்னும் தெலுங்குப் புலவர் தலைமை ஏற்றார். அம்மாநாட்டைக் கூட்டுவித்தவர்களுள் முதன்மையானவர் ஐயங்கி வெங்கடரமணய்யா. அவர் ஊர் ஊராகச் சென்று நூலகம் தொடங்குமாறு மக்களைத் தூண்டியவர். கோவில்களுக்குச் செல்லும் யாத்திரையைப் போல நூலக யாத்திரை என்னும் வழக்கத்தையும் அந்நாட்டு இயக்கத்தார் வளர்த்தனர். அங்கே 1935 வாக்கில், பாதூரி நாகபூஷணம் போன்ற தொண்டர்களின் முயற்சியால், கிருஷ்ணையாற்றுக் கால்வாயில் படகிலேயே நூலகம் சென்றது. கரையோர ஊர்களில் படகு நின்றபோது மக்கள் நூல்களை வாங்கிச் சென்றனர்.

பெஜவாடாவில் பிறந்த ஊக்கம் சென்னைக்கும் வந்தது. 1919ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் சென்னையில் அனைத்திந்தியப் பொதுநூலக மாநாடு கூடியது. பரோடா சமத்தானத்தின் நூலகத் துறையை நடத்தி வந்த குடால்கர் அதற்குத் தலைமை தாங்கினார். 1968 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 14ஆம் நாள் தொடங்கித் தேசிய நூலக வாரம் கொண்டாடப்படுகின்றது. அந்த நாள் குழந்தைகள் நாளும் ஆகையால் அதனோடு இணைத்தே பலரும் நூலக வாரத்தை எண்ணுகின்றனர். சென்னையில் ஒரு நாள் கூடிக் கலைந்த மாநாட்டின் நினைவே அந்நாளில் போற்றப்படுகின்றது என்பது பலர் அறியாத செய்தி. அம்மாநாட்டுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவர் யார், வந்தோர்க்குத் தண்ணீர் கொடுத்தவர் யார் என்பது இன்று எவருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் உழைத்த நாளை நாடு முழுவதும் போற்றுகின்றது.

மீண்டும் 1927ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் அனைத்திந்திய நூலக மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928ஆம் ஆண்டு சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924ஆம் ஆண்டு பொறுப்பேற்றிருந்த சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன் அச்சங்கத்தின் செயலரானார். பல்கலைக்கழக வேலை பகல் முழுவதும் இருக்க, சங்கத்தின் வேலையை ஊதியமின்றி அவர் செய்தார். அவ்வாண்டு டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டில்தான் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அவர் முதன்முதலாக எடுத்துரைத்தார். 1929ஆம் ஆண்டு சங்கமே நூலகர் பயிற்சிக்குக் கோடைக்காலப் பள்ளியொன்றைத் தொடங்கியது. இரண்டாண்டுகளில் பல்கலைக்கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. 1931ஆம் ஆண்டு ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தபோது அதனை வெளியிட்டதும் அச்சங்கமே. உலகெங்கும் நூலகப் பள்ளிகளில் படிக்கப்படும் அந்நூலின் வெளியீட்டாளர், சந்தாப் பணத்தில் நடந்த ஒரு தொண்டர் சங்கம் என்பதை மறத்தலாகாது.

மன்னார்குடி வண்டி

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் மன்னார்குடியை அடுத்த மேலவாசல் சிற்றூரில் ஒரு மாட்டுவண்டி புறப்பட்டது. பொறியாளராக இருந்த கனகசபைப் பிள்ளை என்பவர் அவ்வண்டியை ஏற்பாடு செய்திருந்தார். அதனுள் நெல் மூட்டை இல்லை. நூல்கள் அடுக்கிய தட்டுகள் இருந்தன. அந்நடமாடும் நூலகத்தின் தொடக்கவிழாவில் அரங்கநாதனும் கலந்துகொண்டார். நூலகத்தைத் தேடி வர இயலாத உழவர்களின் ஊர்களைத் தேடி நூலகம் சென்றது. எழுத்தறியாதவர் மிகுந்திருந்த அக்காலத்தில், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சுற்றியிருந்து கேட்பது சிற்றூர் வழக்கம். ஆகவே வண்டியிலிருந்து இறங்கிய ஒரு நூல் ஒரு வாசகரோடு நின்றிராது.

இம்முயற்சியின் பெருமை யாவரும் அறிந்ததே. ஆயினும் அதிலுள்ள ஒரு நலிவையும் காணுதல் வேண்டும். ஒரு செல்வரின் உள்ளத்தையும் ஓர் இணை மாட்டையும் நம்பி நடக்கும் நூலகம் அவ்வுள்ளம் உள்ளவரைதான் நடக்கும். கொடையாளர் மறைந்தால், அல்லது வழித்தோன்றல்களுக்கு அதில் நாட்டம் இல்லையாயின், தட்டுகள் வெறுமையாகும். இதனை அக்காலத்திலேயே உணர்ந்தவர் அரங்கநாதன். கனகசபைப் பிள்ளையின் வண்டியை வாழ்த்தியவரே, நூலகம் வள்ளல்களின் கருணையில் நடக்கலாகாது, சட்டத்தின்மேல் நிற்க வேண்டும் என்று வாதாடினார். 1930ஆம் ஆண்டு காசியில் நடந்த அனைத்தாசியக் கல்வி மாநாட்டிலேயே மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை அவர் முன்வைத்திருந்தார்.

மாதிரி சட்டமாக மாறப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1948ஆம் ஆண்டு, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராக இருந்த காலத்தில், சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொதுநூலகச் சட்டம் அதுவே. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைக்கவும், உள்ளாட்சிகள் தண்டும் சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி தண்டவும் அச்சட்டம் வழி செய்தது. வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் தாம் அறிந்தோ அறியாமலோ ஊர் நூலகத்துக்குப் பங்களிக்கின்றனர். தமிழ்நாட்டில் இன்று 4,000க்கும் மேற்பட்ட பொதுநூலகங்கள் இருப்பதற்கு அடிப்படை இதுவாகும். மேலவாசல் வண்டியைச் செலுத்திய தொண்டுள்ளத்துக்கு இந்நாடு செலுத்திய உண்மையான நன்றி இச்சட்டமே எனல் பொருந்தும்.

ஆசிரியர்க்குச் செலுத்திய கடன்

நன்றியை அமைப்பாக மாற்றும் வழியை அரங்கநாதன் தம் சொந்த வாழ்விலும் காட்டினார். ஐந்து விதிகளை வகுக்க அவர் முயன்றுகொண்டிருந்தபோது முதல் விதியைச் சொல்லாக்க முடியாமல் திகைத்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் எட்வர்ட் ராஸ் ஒரு மாலை அங்கே வந்தார். மாணவரின் திகைப்பைக் கண்டு, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்னும் கருத்தைச் சிறு தொடராகச் சொல்லிவிட்டுப் போனார். அத்தொடரே முதல் விதியாயிற்று. நூலகர் அல்லாத ஒருவர், ஊதியமோ பெயரோ கருதாமல், ஒரு நொடியில் செய்த உதவி அது.

அரங்கநாதன் அதனை மறைத்துத் தமதென்று சொல்லிக் கொள்ளவில்லை. ஆசிரியர் தந்ததென்றே எழுதி வைத்தார். அதனோடு நில்லாமல், ஆசிரியர் பெயரால் அக்கல்லூரியில் கணித மாணவர் பரிசுக்கென ஓர் அறக்கட்டளையும் நிறுவினார். பிற்காலத்தில் தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, நூலக அறிவியற் பேராசிரியர் பதவியொன்றை ஏற்படச் செய்தார். அதற்குத் தம் பெயரை வைத்துக் கொள்ளவில்லை. துணைவியார் சாரதா அம்மையாரின் பெயரை வைத்தார். விடுப்பும் விடுமுறையும் பாராது நூலகமே வாழ்வாகக் கிடந்த ஒருவரின் இல்லத்தை நடத்திய அம்மையார், நூலக இயக்கத்தின் பெயர் விடுபட்ட தொண்டர்களுள் ஒருவர் அல்லரோ? அப்பெயர் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் இருக்கையில் பொறிக்கப்பட்டது.

யாழ்ப்பாணம் தந்த பாடம்

தொண்டர்கள் கட்டிய நூலகங்களைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்தை நினையாதிருத்தல் இயலாது. 1933ஆம் ஆண்டு க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் வீட்டிலேயே நூல்களை வைத்து ஊராருக்குப் படிக்கக் கொடுத்தார். அடுத்த ஆண்டு நண்பர்கள் கூடி ஒரு குழு அமைத்து, வாடகை அறையில் நூலகம் தொடங்கினர். அப்போது இருந்தவை 844 நூல்கள். 1935இல் நகரசபை அதனை ஏற்றது. 1950களில் பெரிய கட்டடத்துக்கு நிதி திரட்டும் பணியில் லோங் அடிகளார் முன்னின்றார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். அரங்கநாதன் நூலக அமைப்புக்கு அறிவுரை தந்தார். 1959ஆம் ஆண்டு அக்டோபரில் அது திறக்கப்பட்டது. வீட்டுத் திண்ணையளவில் தொடங்கிய தொண்டு, கால் நூற்றாண்டில் ஒரு மாநகரின் அடையாளமாக உயர்ந்தது.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவில் தொடங்கிய வன்செயலில் அந்நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பின்னர்ச் சீரமைப்பும் போர்ச் சேதமும் மாறி மாறி நேர்ந்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மக்களுக்கு அது மீண்டும் முழுமையாகக் கிடைத்தது. அக்கொடுமையின் பிற கூறுகள் தனியே பேசத்தக்கவை. நூலகத்தொண்டு பற்றிய இவ்வுரைக்கு ஒன்று போதும்: ஒரே இடத்தில் ஒரே படியாக வைத்த செல்வம் ஓர் இரவில் அழியக்கூடும் என்பதை அந்நெருப்பு உணர்த்தியது.

அப்பாடத்தைக் கற்றுக் கொண்டவர்கள் புதிய தலைமுறைத் தொண்டர்கள். 2005ஆம் ஆண்டு ஈழத்துத் தன்னார்வலர்கள் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் மின்னுருவாக்கி வருகின்றனர். அதற்கு முன்பே 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் அதனை ஒருங்கிணைத்தார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் அலுவல் முடிந்த பின் இரவில் அமர்ந்து சங்க நூல் முதல் இக்கால நூல் வரை தட்டச்சுச் செய்தனர். வேறு சிலர் பிழை திருத்தினர். அத்திட்டத்தில் ஒரு நல்ல மரபு உண்டு. மின்னூலின் தலைப்பிலேயே, தட்டச்சுச் செய்தவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்று குறித்து வைக்கின்றனர். அந்நூலை எவர் எந்த நாட்டில் திறந்தாலும் அப்பெயர்கள் முதலில் கண்ணிற் படும். தொண்டர்க்கு நன்றி கூறும் முறைகளுள் இதனினும் எளியதும் நிலைத்ததும் வேறொன்று இருப்பது அரிது.

விருதும் விருதாளரும்

இனி விருதுகளைப் பற்றிச் சில சொல்லலாம். தமிழ்நாட்டில் பொதுநூலகத் துறையின் சிறந்த நூலகர்களுக்கு அரங்கநாதன் பெயரால் அரசு விருது வழங்கி வருகின்றது. நூலக வளர்ச்சிக்குத் துணைநிற்கும் வாசகர் வட்டத்தாருக்கும் நூலக ஆர்வலர் விருது உண்டு. ஊதியம் பெறும் நூலகரையும் ஊதியம் பெறாத ஆர்வலரையும் ஒரே மேடையில் நிறுத்தும் இவ்வழக்கம் பாராட்டத்தக்கது.

தொண்டர் கூட்டம் முழுவதற்கும் ஒரு விருது வருவது அரிது. அப்படி வந்த ஒன்று கேரளத்துக்குக் கிடைத்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்த பி. என். பணிக்கர் 1945ஆம் ஆண்டு அம்பலப்புழையில் 47 சிற்றூர் நூலகங்களை இணைத்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தை அமைத்தார். பிறகு கேரளம் முழுவதும் நடந்தே சென்று நூலகங்களைச் சங்கத்தில் சேர்த்தார். 1975ஆம் ஆண்டு, எழுத்தறிவுப் பணிக்காக யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருது அச்சங்கத்துக்கு வழங்கப்பட்டது. பணிக்கர் மறைந்த ஜூன் 19ஆம் நாளைக் கேரளம் வாசிப்பு நாளாகப் போற்றுகின்றது. அந்நாளில் அங்கே பள்ளிச் சிறுவர்கள் நூலகத்துக்குச் செல்கின்றனர். விருதைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டியதோடு நில்லாமல், ஆண்டுதோறும் ஒரு நாளின் செயலாக அத்தொண்டை அவர்கள் காத்து வருகின்றனர்.

தமிழகத்திலும் ஒரு பெயரைக் கூறாமல் இருத்தல் இயலாது. திருவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் கலைக் கல்லூரியில் நூலகராகப் பணியாற்றியவர் பாலம் கல்யாணசுந்தரம். பணிக்காலம் முழுவதும் தம் ஊதியத்தை ஏழையர்க்கே அளித்து, தம் தேவைக்கு உணவு விடுதி போன்ற இடங்களில் சிறு வேலைகள் செய்து வாழ்ந்தவர். 2023ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பணியிலிருந்து ஓய்வு பெற்றுக் கால் நூற்றாண்டு கழிந்த பின் வந்த விருது அது. விருது வராத அத்தனை ஆண்டுகளிலும் அவர் செய்தது குறையவில்லை; வந்த பின்னும் வாழ்க்கை மாறவில்லை. விருதினால் சிறப்புற்றவர் அவர் என்பதைவிட, அவரால் விருது சிறப்புற்றது என்பதே பொருந்தும்.

இவ்விடத்தில் கசப்பான ஒன்றையும் கூறியாக வேண்டும். தொண்டைப் போற்றுவது, ஊதியம் கொடாமல் வேலை வாங்குவதற்கு மறைப்பாகிவிடக் கூடாது. ஊர்ப்புற நூலகங்களில் தொகுப்பூதியத்தில் பல ஆண்டுகள் கழித்தவர்கள் உண்டு. ஒரே ஆளாக நூலகத்தைத் திறந்து, பெருக்கி, நூல் கொடுத்து வாங்கி, பூட்டிச் சென்றவர்கள் அவர்கள். அத்தகையோர்க்கு அர்ப்பணிப்பு என்னும் சொல்லைப் பொன்னாடையாகப் போர்த்திவிட்டு, உரிய ஊதியத்தை மறுப்பது நன்றியாகாது. அரங்கநாதன் ஊதியமின்றிச் சங்கப்பணி செய்தார் என்பது உண்மை. ஆனால் நூலகர்க்கு நல்ல ஊதியமும் மதிப்பும் வேண்டும் என்று இடைவிடாது வலியுறுத்தியவரும் அவரே. தம் விருப்பால் ஒருவர் செய்வது தொண்டு. பிறர் சுமத்திச் செய்விப்பது தொண்டாகாது. இவ்வேறுபாட்டை மறக்கும் மாநாட்டில் நன்றியுரை எவ்வளவு நீண்டாலும் பயனில்லை.

மாநாட்டுக்குப் பின்

அங்ஙனமாயின் மாநாடு முடிந்தபின் செய்யத்தக்கவை யாவை? பெரும் பொருட்செலவு வேண்டாதவை சிலவற்றைச் சுட்டலாம்.

முதலாவது, தொண்டர் பெயர்களை அவர்கள் செய்த பணியோடு சேர்த்து எழுதி வைத்தல். இன்னார் பதிவு மேசையில் இருந்தார், இன்னார் கண்காட்சி நூல்களைக் காத்தார், இன்னார் சமையற்கூடத்தைப் பார்த்துக் கொண்டார் என்று மாநாட்டு மலரில் அச்சேற வேண்டும். பெரிய மனிதர்களின் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றைக் குறைத்தால் இதற்கு இடம் கிடைக்கும்.

இரண்டாவது, அம்மலரின் படி ஒன்றை மாநாடு நடந்த ஊர் நூலகத்தில் சேர்த்துப் பட்டியலிடுதல். உலகத்தார் எழுதியவற்றையெல்லாம் காப்பவர்கள் தங்கள் வரலாற்றைக் காவாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒருவர் அழைப்பிதழ்களையும் துண்டு வெளியீடுகளையும்கூடத் தூக்கி எறியாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அச்சேமிப்பு சிதறிப் போகாமல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது. அதனால்தான் பல சங்கங்களின் செயல்கள் இன்று தெரிகின்றன. எல்லா ஊர்க்கும் ஒரு முத்தையா கிடைப்பார் என்று எதிர்பார்த்தல் முறையன்று.

மூன்றாவது, தொண்டாற்றிய மாணவர்களை அடுத்த மாநாட்டில் கட்டுரை படிக்க அழைத்தல். இவ்வாண்டு அரங்கத்தின் வெளியே நின்றவர் அடுத்த ஆண்டு உள்ளே அமர வேண்டும். நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாம் விதி. நூலகர் குழாமும் அவ்வாறே வளர வேண்டுமாயின் வாயிலில் நிற்பவர்க்கு இருக்கை தந்தாக வேண்டும்.

நான்காவது, விருது பெற்றவர் அவ்வாண்டில் ஒரு சிற்றூர் நூலகத்துக்கேனும் சென்று, அங்குள்ள நூலகரோடு சில நாள் இருந்து, தாம் கற்றதைக் கற்பித்தல். விருதாளரின் திறமை அவர் ஊரோடு நின்றுவிடாமல் பிற ஊர்க்கும் பரவ இது வழியாகும். இதனை விருதின் நிபந்தனையாக்க வேண்டுவதில்லை, வழக்கமாக்கினால் போதும்.

ஐந்தாவது, நூலக வரியும் பணியிடங்களும் பற்றி மாநாட்டில் நிறைவேற்றிய தீர்மானங்களை எடுத்துக்கொண்டு உரிய அலுவலகங்களுக்கு மீண்டும் மீண்டும் செல்லுதல். காசியில் முன்வைத்த மாதிரி சென்னையில் சட்டமாகப் பதினெட்டு ஆண்டுகள் உழைக்கவேண்டியிருந்தது. ஒரு மாநாட்டின் தீர்மானம் அடுத்த மாநாட்டுக்குள் நிறைவேறவில்லையென்று சலிப்பது அவ்வரலாற்றை அறியாமையாகும்.

இறுதியாக ஒன்று. பத்தாண்டுகளாக ஓர் இலக்கிய வட்டம் நடைபெறுவதும் இத்தகைய தொண்டினால்தான். கூட்டத்துக்கு முன் பாய் விரித்தவர், அஞ்சலட்டை எழுதியவர், பேச்சாளர் வாராத நாளில் கூடியிருந்தோரை அமரச் செய்து ஒரு நூலைப் படித்துக் காட்டியவர் என்று இவ்வட்டத்துக்கும் பெயர் விடுபட்டோர் இருப்பர். பத்தாம் ஆண்டு மலர் வெளிவரும் இவ்வேளையில் அப்பெயர்களைத் தேடி எழுதுதல் நன்று. அவர்களுள் சிலர் முதியோராய் இருப்பர். சிலர் ஊர் மாறிச் சென்றிருப்பர். நினைவுள்ளோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். நூலகங்கள் நூல்களைக் காக்கட்டும். நூலகங்களையும் இலக்கிய வட்டங்களையும் காத்தோர் பெயர்களை இத்தகைய மலர்கள் காக்கட்டும்.